காவல்காரனே கடை வைத்திருந்தால்?

கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் காத்துக் கிடந்த தோழர்களுக்கு இது தெரிந்த கதை. எடை மேடை ஆலைக்காரனுடையது. எடை போடுகிறவனும் அவனிடம் சம்பளம் வாங்குகிறவன். எடை குறைந்துவிட்டதே என்று கேட்டால், "மெஷின் பழுது" என்பான். மெஷின் என்றால் பழுதாகத்தான் செய்யும், நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றே ஒன்று கேட்போம்: பழுதான அந்த மெஷின் ஒரு நாளாவது விவசாயி பக்கம் எடையைக் கூட்டிக் காட்டியதுண்டா?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, 2025 ஜூன் மாதம் நடந்த ஒரு காரியத்தைப் பார்ப்போம்.

உலகத்திலுள்ள மேஜைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸில் ஓடுகின்றன. அந்த விண்டோஸோடு சேர்த்து, 'பேமிலி சேப்டி' என்ற பெயரில் பெற்றோருக்கு ஒரு சாதனத்தையும் கம்பெனி தருகிறது. பிள்ளை எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரலாம், எந்த இணையதளத்தைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று தாய் தகப்பன் விதித்து வைக்கலாம். ஆபாசமும் சூதாட்டமும் பிள்ளையின் கண்ணில் படாமல் தடுக்கும் வேலி அது. வேலி வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஷிப்டு முடித்து இரவு பதினோரு மணிக்கு வீடு திரும்பும் தகப்பன், வீட்டு வேலைக்குப் போய்விட்டு வரும் தாய், இவர்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வேளைக்கு ஓர் ஆயா வைத்துக்கொள்ளும் வசதி பங்களாக்காரனுக்கு உண்டு. தொழிலாளிக்கு இந்த மாதிரி சாதனம்தான் ஆயா.

அந்த ஆயா 2025 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு வேலை செய்தாள். பிள்ளைகள் 'குரோம்' பிரௌசரைத் திறந்தார்கள். திறந்த கையோடு அது மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார்கள், மறுபடி மூடிக்கொண்டது. கம்ப்யூட்டரில் பழுதில்லை, குரோமிலும் பழுதில்லை. குரோமை வெளியிடும் கூகிள் கம்பெனி ஆராய்ந்து பார்த்துவிட்டு, மைக்ரோசாப்டின் பேமிலி சேப்டி இயங்கும் இடங்களில்தான் சிலருக்கு இப்படி ஆகிறது என்று அறிவித்தது. மைக்ரோசாப்டும் பின்னர் ஒப்புக்கொண்டது.

பிரௌசர் என்பது இணையத்துக்குத் திறக்கும் சன்னல். குரோம் கூகிளின் சன்னல். 'எட்ஜ்' மைக்ரோசாப்டின் சன்னல். குரோமைத் திறந்து ஒரு வார்த்தை எழுதித் தேடினால், நாமாக மாற்றி வைக்காதவரை, தேடித் தருவது கூகிள். எட்ஜைத் திறந்து தேடினால் தேடித் தருவது மைக்ரோசாப்டின் 'பிங்'. இரண்டும் விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறிகள். யாருடைய சன்னல் வழியாக ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்களோ, அவருடைய பெட்டியில் காசு விழும்.

அது எவ்வளவு காசு? அமெரிக்க சர்க்கார் கூகிள்மீது தொடுத்த ஏகபோக வழக்கில் கணக்கு வெளியாயிற்று. தன் தேடுபொறியே முதலில் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக, 2021-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 2,630 கோடி டாலரைப் பிறருக்குக் கூகிள் கொடுத்திருக்கிறது. வாசலில் முதல் ஆளாய் நிற்பதற்கு இதுதான் கூலி. இவ்வளவு விலை மதிப்புள்ள வாசலில், பிள்ளையின் பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு காவல்காரன் நிற்கிறான். அவன் எதிர்க்கடைக்காரனின் சம்பளப் பட்டியலில் இருக்கிறான்!

பிழை எப்படி நேர்ந்தது என்று மைக்ரோசாப்ட் சொன்ன விளக்கத்தைத் தோழர்கள் கவனித்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் விஷயமே அதற்குள்தான் இருக்கிறது. இணைய வடிகட்டியைப் பெற்றோர் போட்டுவிட்டால், அது வேலை செய்வது எட்ஜில் மட்டும். பிங் தேடுபொறியின் பாதுகாப்பு முறையும் அதோடு சேர்ந்து விழும். மற்ற பிரௌசர்களைப் பிள்ளை திறந்தால், பெற்றோரின் அனுமதி கேட்க வேண்டும். அந்த மற்ற பிரௌசர்களுக்குக் கம்பெனியிடம் ஒரு தடைப் பட்டியல் இருக்கிறது. குரோம் புதிய பதிப்பாக வெளிவரும்போதெல்லாம் அந்தப் பட்டியலிலும் புதிதாகச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கிற வேலை நடந்துகொண்டிருந்தபோது கோளாறு ஏற்பட்டு, அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், பிரௌசரே பொசுக்கென்று மூடிக்கொண்டது. பரிகாரம் என்ன? பிள்ளையின் நடவடிக்கைகளை அறிக்கையாகத் தெரிவிக்கும் வசதியைப் பெற்றோர் போட்டு வைக்கட்டும், அனுமதிச் சீட்டு ஒழுங்காக வரும் என்றார்கள். அதாவது, பக்கத்துக் கடைக்குப் பிள்ளை போக வேண்டுமானால், அவன் எங்கெங்கே போகிறான் என்ற நாட்குறிப்பை முதலில் காவல்காரன் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆக, தற்செயலாக நேர்ந்தது கோளாறு மட்டுமே. தடைப் பட்டியல் தற்செயல் அன்று. அதுதான் சாதனத்தின் அன்றாட ஏற்பாடு. எடை மேடையின் பழுதை மட்டும் பார்த்துவிட்டு, மேடை யாருடையது என்பதை மறந்துவிடலாகாது.

இதற்குள் ஒரு வேடிக்கையும் நடந்தது. குரோம் நிரலின் கோப்புக்குப் பெயரை மாற்றி, ஒன்று என்ற எண்ணை ஒட்டி வைத்தார்கள் சிலர். உடனே அது ஜாம் ஜாமென்று ஓடியது! காவல்காரன் வருகிறவனின் மடியைச் சோதிக்கவில்லை, கையைச் சோதிக்கவில்லை. பெயரைக் கேட்டுவிட்டு வெளியே தள்ளியிருக்கிறான். பெயரை மாற்றிச் சொன்னால் உள்ளே விட்டுவிடுகிறான். இதற்குப் பெயர் குழந்தைப் பாதுகாப்பா?

இன்னொன்றும் உண்டு. 2020 ஜனவரி முதல் எட்ஜ், குரோமின் அதே அடிப்படை எந்திரத்தின்மேல் கட்டி வெளியிடப்படுகிறது. குரோமியம் என்று அதற்குப் பெயர். ஒரே மாவில் சுட்ட இரண்டு தோசை. ஒரு தோசை பிள்ளைக்கு ஆகும், மற்றது ஆகாது என்று வைத்தியம் பேசுகிறவன் தோசைக் கடைக்காரனாக இருந்தால் நாம் என்ன நினைப்போம்?

கம்பெனி தரப்பிலும் சொல்லக்கூடிய நியாயம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது நமக்கு வழக்கமில்லை. வடிகட்டி எட்ஜுக்குள் வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறது; பிறத்தியார் பிரௌசருக்குள் அதன் கண் எட்டாது; கண் எட்டாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பாதுகாப்பு என்று பெற்றோரிடம் சொல்வது ஏமாற்று வேலை ஆகாதா? இது கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் 2007-இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இதே கம்பெனி வைத்த பெற்றோர் கட்டுப்பாடு, எந்தப் பிரௌசரில் போனாலும் வடிகட்டும்படி அமைந்திருந்தது. அன்று முடிந்தது. அதற்குப் பிறகு இணையத்தில் போகிற தபாலெல்லாம் உறையிலிட்டு ஒட்டிய தபாலாகிவிட்டது. உள்ளே இருப்பதை வழியில் நிற்பவன் படிக்க முடியாது. மெய். ஆயினும் உறையின்மேல் எழுதிய விலாசம் இன்றும் பெரும்பாலும் தெரியத்தான் செய்கிறது. விலாசத்தைப் பார்த்து, எந்தப் பிரௌசரானாலும் ஒரே மாதிரி தடுக்கும் வடிகட்டிகள் இன்றும் இருக்கின்றன. ஆகவே, செய்யவே முடியாது என்ற சாக்கு பாதிதான் செல்லும்.

அப்படிப்பட்ட வடிகட்டி ஒன்றை 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி கிளவுட்பிளேர் என்ற கம்பெனி குடும்பங்களுக்கென்று திறந்தது. திறந்த அன்றே தவறும் நேர்ந்தது. பாலினச் சிறுபான்மையோர் உரிமை பேசும் தளங்களை எல்லாம் ஆபாசத் தளங்களோடு சேர்த்து அடைத்துவிட்டது. வெளியார் ஒருவரிடம் வாங்கிய பட்டியலில் தவறான இனத்தைச் சேர்த்துவிட்டோம் என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, திருத்தினார்கள். இதை ஏன் சொல்கிறோம்? காவல்காரன் என்றால் தவறு செய்வான். தேடுபொறிக் கடை எதுவும் இல்லாத காவல்காரனும் செய்வான். ஆனால் அந்தத் தவறால் அவன் பையில் ஒரு காசும் விழவில்லை. ஜூன் மாதத்துத் தவறோ பிள்ளைகளைப் பிங்கின் வாசலுக்கு நடத்திச் சென்றது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நாம் எழுதவில்லை. அதற்கு நம்மிடம் அத்தாட்சி இல்லை. தவறு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம்.

ஏனென்றால், இந்தக் கம்பெனியின் கணக்கில் முன்பாக்கி ஒன்று இருக்கிறது. விண்டோஸோடு தன் பிரௌசரைக் கட்டி விற்றதற்காக ஐரோப்பிய கமிஷன் இதை விசாரித்தது. 2009 டிசம்பரில் கம்பெனி ஒரு வாக்குறுதி கொடுத்தது: வாங்குகிறவர் முன்னால் எல்லாப் பிரௌசர்களையும் வரிசையாகக் காட்டுவோம், வேண்டியதை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று. பிறகு நடந்தது என்ன? 2011 மே முதல் 2012 ஜூலை வரை வெளிவந்த விண்டோஸ் 7 பதிப்பு ஒன்றில் அந்த வரிசையையே காணோம்! ஐரோப்பாவில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு அது காட்டப்படவில்லை என்று கமிஷன் கணக்கிட்டது. கம்பெனி கொடுத்த சமாதானம், தொழில்நுட்பக் கோளாறு. கமிஷன் 2013 மார்ச்சில் 56 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் தீட்டியது. அன்றும் மெஷின் பழுது. அன்றும் எடை ஆலைக்காரன் பக்கம்.

இதைப் படித்துவிட்டு, பாவம் கூகிள் என்று எந்தத் தோழரும் இரக்கப்பட வேண்டாம். கூகிள் அனாதைப் பிள்ளை அல்ல. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடுபொறித் துறையில் கூகிள் சட்ட விரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தார். நம் நாட்டிலும் 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு போன் விவகாரத்தில் அதற்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. கூகிளிடமும் 'பேமிலி லிங்க்' என்ற பெயரில் ஒரு காவல்காரன் உண்டு. அவன் இணையதளங்களை வடிகட்டித் தருவது குரோமுக்குள்ளேதான்! இவன் தெருவில் அவன் கடைக்குப் பூட்டு, அவன் தெருவில் இவன் கடைக்குப் பூட்டு. இரண்டு யானைகளும் மோதிக்கொள்ளட்டும் என்று நாம் ஒதுங்கி நின்றுவிடலாம், நடுவில் மிதிபடுகிறவர்கள் இல்லாவிட்டால்.

இருக்கிறார்கள். சிறிய தேடுபொறிக்காரர்கள் மிதிபடுகிறார்கள். பெற்றோர் வடிகட்டிகள் பலவற்றில் ஒரு முறை உண்டு: பிள்ளை கூகிளில் தேடினால் ஆபாசத்தை நீக்கித் தரும் தனி விலாசத்துக்குத் திருப்பிவிடும், பிங்குக்கும் அப்படி ஒன்று, டக்டக்கோவுக்கும் ஒன்று. அப்படித் தனி விலாசம் வைத்திருக்காத தேடுபொறியைச் சில வடிகட்டிகள் அடியோடு அடைத்துவிடும். காரணம் நியாயமானதே, திறந்துவிட்டால் வேலியில் ஓட்டை. ஆனால் பலன் என்ன? புதிதாக ஒருவன், விளம்பரக்காரனுக்கு அடிமைப்படாமல் ஒரு தேடுபொறி நடத்த முனைந்தால், அவன் பெயர் எந்தப் பட்டியலில் ஏறியது, ஏன் ஏறியது, யாரிடம் போய் முறையிடுவது என்று அவனுக்குத் தெரியவேண்டாமா? பட்டியல் கம்பெனிகளின் ரகசியச் சொத்து. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு, இந்த ரகசியப் பட்டியல்களை உடைத்துப் பார்த்து ஆராய்வோருக்குக் காப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்களித்தார்கள். 2003-இல் அதைப் புதுப்பித்தார்கள். 2006-இல் அந்த விலக்கு புதுப்பிக்கப்படாமல் போயிற்று.

ரகசியப் பட்டியலுக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்பவர்களுக்குப் பழைய சம்பவம் ஒன்று. 1996-இல் சைபர்சிட்டர் என்ற பிள்ளைக் காவல் நிரலை வாங்கிய அமெரிக்கப் பெற்றோர், ஆபாசத்தைத் தடுக்கிறது என்று நம்பியிருந்தார்கள். அது அந்நாட்டின் பெண்கள் உரிமை அமைப்பு ஒன்றின் தளத்தையும் தடுத்தது. அதைக் கண்டித்து எழுதிய மாணவர்களின் தளம் ஒன்று இருந்தது. அடுத்து அதையும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள்! குழந்தையின் கண்ணை மூடப் போட்ட துணி, கம்பெனியைக் குறை சொன்னவன் வாயையும் கட்டியது.

ஆப்பிள் கம்பெனியின் கதை இதைவிடப் பச்சை. ஐபோனுக்கென்று வெளிக் கம்பெனிகள் பல பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலிகளை விற்று வந்தன. 2018 செப்டம்பரில் ஆப்பிள் தானே 'ஸ்கிரீன் டைம்' என்று ஒன்றை ஐபோனுக்குள் வைத்தது. அதைத் தொடர்ந்து வெளியார் செயலிகள் கடையிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. அதிகம் பேர் வாங்கிய 17 செயலிகளில் 11-ஐ ஆப்பிள் நீக்கியது அல்லது முடக்கியது என்று 2019 ஏப்ரலில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை எண்ணிக் காட்டியது. அந்தச் செயலிகள் பயன்படுத்தும் ஒரு தொழில்நுட்பம் பிள்ளைகளின் அந்தரங்கத்துக்கு ஆபத்து என்பது ஆப்பிளின் பதில். பத்திரிகையில் வந்தது ஏப்ரல். ஜூன் மாதம் அதே தொழில்நுட்பத்தைச் சில நிபந்தனைகளோடு பெற்றோர் செயலிகளுக்கு அனுமதித்துவிட்டார்கள். ஏப்ரலில் விஷமாக இருந்தது ஜூனில் மருந்தானது எப்படி என்று நமக்கு விளங்கவில்லை. ரஷ்யாவில் காஸ்பர்ஸ்கி கம்பெனி கொடுத்த புகாரின்மேல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2020 ஆகஸ்டில் ஆப்பிள் தன் செல்வாக்கைத் துஷ்பிரயோகம் செய்தது என்று முடிவு கட்டி, 2021 ஏப்ரலில் 90 கோடியே 60 லட்சம் ரூபிள் அபராதம் போட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1996-இல் இயற்றிய ஒரு சட்டம், ஆட்சேபகரமானவற்றைத் தடுக்கும் வடிகட்டிக் கம்பெனிகள்மீது வழக்குப் போட முடியாதபடி கவசம் கொடுத்தது. பெற்றோருக்கு நல்ல சாதனங்கள் கிடைக்கட்டும் என்பது அதன் நோக்கம். கவசம் கிடைத்தால் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 'ஆட்சேபகரம்' எது என்பதையும் நாங்களே சொல்வோம் என்றார்கள். மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு நிரல் கம்பெனி, தனக்குப் போட்டியான எனிக்மா கம்பெனியின் நிரல்களை 2016-இல் வேண்டாதவை என்று குறித்துத் தடுத்தது. எனிக்மா வழக்குத் தொடுத்தது. கவசம் இருக்கிறது என்று மால்வேர்பைட்ஸ் காட்டியது. 2019 செப்டம்பரில் ஒன்பதாவது வட்ட அப்பீல் கோர்ட்டு சொன்னதன் சாரம்: போட்டியாளனை ஒழிக்கும் எண்ணத்தோடு தடுத்தால் அந்தக் கவசம் கிடையாது. மால்வேர்பைட்ஸ் சுப்ரீம் கோர்ட்டை அணுகியது. 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அதை எடுத்துக்கொள்ள மறுத்தது.

நல்ல தீர்ப்பு. ஆனால் தொழிலாளிக்கு இதில் உள்ள சங்கடம் தெரியும். எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? சங்கத்தில் சேர்ந்த தோழரை வேலை நீக்கம் செய்யும் முதலாளி, சங்கத்தில் சேர்ந்ததால் நீக்கினேன் என்று எழுதிக் கொடுப்பதுண்டா? தாமதமாக வந்தான், மெஷினைக் கெடுத்தான் என்றுதான் எழுதுவான். அதனால்தான் சங்கங்கள் முதலாளியின் மனசாட்சியைத் தேடி அலையாமல், வருகைப் பதிவேட்டைக் காட்டு, நிலையாணையைச் சுவரில் ஒட்டு, விசாரணையை வெளியார் முன்னால் நடத்து என்று போராடிப் பெற்றன. இங்கும் அதுதான் வேண்டும். விண்டோஸும் ஐபோனும் ஆண்ட்ராய்டும் நடத்துகிறவர்கள் பிள்ளைகளுக்கு வடிகட்டி வைக்கட்டும். ஆனால் எந்தப் பிரௌசரை, எந்தத் தேடுபொறியைத் தடுக்கிறார்கள், என்ன காரணத்தால் தடுக்கிறார்கள் என்ற பட்டியல் வெளியில் ஒட்டப்பட வேண்டும். இன்னின்ன பாதுகாப்பு இருந்தால் உள்ளே விடுவோம் என்ற நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும். அதை நிறைவேற்றும் எவனுக்கும், போட்டிக் கடைக்காரனேயானாலும், கதவு திறக்க வேண்டும். தடுக்கப்பட்டவன் முறையிட, கம்பெனிக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். பெற்றோர் ஒரு பிரௌசருக்கு அனுமதி கொடுத்தால் அது அனுமதிதான். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி பூட்டுவது பெற்றோரின் அதிகாரத்தைத் திருடுவதாகும்.

இது அமெரிக்கக்காரன் வீட்டுத் தகராறு என்று நம் டில்லி சர்க்கார் இருந்துவிட முடியாது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. பிள்ளை யார், பெற்றோர் யார் என்று சரிபார்க்கும் வாசல்கள் இனி இங்கேயும் எழும்பும். அந்த வாசல்களைக் கட்டப்போகிறவர்கள் யார், அவர்களுக்கு அதே தெருவில் கடை உண்டா, தடைப் பட்டியலை யார் பார்வையிடுவார்கள்? நாடாளுமன்றத்திலுள்ள நம் உறுப்பினர்கள் வரும் கூட்டத் தொடரிலேயே மந்திரியிடம் எழுத்து மூலம் இதைக் கேட்டு, பதிலையும் எழுத்து மூலமே வாங்கி வர வேண்டும்.